நான் சொன்ன ‘ஆகட்டுங்க’

எங்கள் பக்கத்தில் ‘ஆகட்டுங்க’ என்று ஒரு சொல் புழங்குகிறது. அகராதியைப் புரட்டினால் சம்மதம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் காப்பீடு விற்க வந்தவர் நெடுநேரம் பேசிவிட்டுக் காப்பித் தம்ளரைக் கீழே வைக்கும்போது நாங்கள் சொல்வதும் ‘ஆகட்டுங்க’தான். நாங்கள் எடுக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். தூரத்துச் சொந்தத்தில் காதுகுத்து என்று அழைக்க வந்தாலும் ‘ஆகட்டுங்க’. போகமாட்டோம்; அவர்களும் எதிர்பார்க்கமாட்டார்கள். ‘இல்லை’ என்று சொல்ல நாக்குக் கூசுகிற ஊரில், கேட்டவர் முகம் வாடாமல் பேச்சை முடித்துக்கொள்ள நாங்கள் செய்து வைத்திருக்கிற சொல் அது.

அதை நான் ஒரு மருத்துவமனையின் பதிவு மேசையில், வயிற்றைப் பிடித்துக் குனிந்தபடி சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை அகராதிப்படி எடுத்துக்கொண்டாள்.

வயிற்றுத் தையல் ஆறிவிட்டது. நடக்கிறேன், சோறு செரிக்கிறது. ஆனால் நான் சொல்வதை என் மகள் நிவேதா முன்போல நம்புகிறாளா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாத அந்த இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். யாராவது நாளைக்கு அப்படியொரு மேசையின் முன் நிற்கும்போது, கேட்கப்பட்டது என்ன என்று ஒரு தடவை திருப்பிக் கேட்கட்டும்.

அன்று காலை அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. மாப்பிள்ளையின் தகப்பனார் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், நிமிர முடியவில்லை. தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. மத்தியானத்துக்குள் அது இடம் மாறி வலப்பக்க விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாகப் போய்க் குடியேறியது. துடியலூர் வீட்டுக்கு வந்து படுத்தேன். படுக்கவும் முடியவில்லை. என் மனைவி மல்லிகா பார்த்தாள்.

“ஏனுங்க, மூஞ்சி எதுக்கு இப்புடி வெளுத்துக் கெடக்குது?”

“நோவுது.”

அவளிடம் அந்த ஒரு சொல் போதும். கணபதியில் பம்பு செட்டுப் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டாள். மச்சான் பட்டறைச் சட்டையோடு, கையில் கிரீஸ் கறையோடு காரை எடுத்துக்கொண்டு வந்தார். அவிநாசி சாலையில் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்களாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பதிவு மேசைப் பெண்ணின் பேச்சில் தெற்குச் சீமை தெரிந்தது. சின்ன வயது. வேகமான விரல்கள்.

“சார், ஹெல்த் ஐடி இருக்கா?”

“இருக்குதுங்க. ரேசன் கடைகிட்ட முகாம் போட்டப்ப எல்லாத்துக்கும் எடுத்துக் குடுத்தாங்க” என்றாள் மல்லிகா, என் செல்போனைத் துழாவிக்கொண்டே.

“நீங்க வேற ஆஸ்பத்திரில பாத்த பழைய ரெக்கார்டெல்லாம் இதுல லிங்க் ஆயிரும் சார். டாக்டருங்க பாத்துக்கிடுவாங்க. பண்ணிரலாமா?”

அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். என் மனதில் அதன் பொருள் இதுதான்: அம்மணி, முதலில் இந்த நோவை எடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் திரையில் இருந்த ஒரு கட்டத்தை விரலால் தொட்டாள். செல்போனில் ஒரு எண் வந்து விழுந்தது. மல்லிகா கண்ணாடி இல்லாமல் போனைத் தள்ளிப் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அதைப் படித்துச் சொன்னாள். படுக்கை கிடைப்பதற்கான எண் என்று நினைத்தாளாம்; அது என் சம்மதத்தை உறுதி செய்கிற எண்.

“கூட இருக்கவங்க நம்பர் ஒண்ணு சொல்லுங்க சார். ரிப்போர்ட்டெல்லாம் வாட்ஸ்அப்ல வந்துரும்.”

“என்ற நம்பரப் போடுங்க. எதுவானாலும் எனக்கே வரட்டும். இவீகளை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு” என்றார் மச்சான். அன்பில் சொன்னார். அவருக்கு எதையும் பாதி செய்யத் தெரியாது.

அந்த ஐடி என்பது என்னவென்று எனக்குப் பின்னால்தான் விளங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். நாம் எங்கெங்கே வைத்தியம் பார்த்தோமோ அந்தச் சீட்டுகள், சோதனை முடிவுகள், மாத்திரைகள் எல்லாம் அந்த எண்ணில் கொக்கி போட்டு மாட்டப்பட்டிருக்கும். நாம் சரியென்றால் புதிய மருத்துவர் அவற்றைத் திறந்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். காகிதக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

என் எண்ணில் மாட்டியிருந்தது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நிவேதா ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் எனக்கு மனநோய் வந்தது. காரணம் இன்னதென்று சுட்டிக்காட்ட ஏதுமில்லை. வெயில் வீட்டுக்குள் வந்தது, என்மீது படவில்லை. சொற்கள் நனைந்த சாக்குப்போலக் கனத்தன. தூங்குவதற்கென்று யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரைகளை நான் விழுங்காமல் சேர்த்து வைத்தேன். மல்லிகா அதைக் கண்டுபிடித்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்து, ஆர்.எஸ்.புரத்தில் நகைக்கடைகளுக்குப் பின் சந்தில் இருந்த ஒரு சிறிய மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். சில வாரங்கள் அங்கே இருந்தேன். பிழைத்தேன். அந்த மருத்துவருக்கும் அந்தச் சந்துக்கும் நான் கடன்பட்டவன். மகளுக்கும் ஊருக்கும் மஞ்சள் காமாலை என்று சொன்னோம்.

அங்கே எல்லாம் காகிதக் கோப்புகள்தாம். பழுப்பு அட்டை, நாடாக் கட்டு. அவை எப்போது கணினிக்குள் ஏறின, அந்தச் சிறிய மருத்துவமனை எப்போது இந்த வலைக்குள் வந்தது, எனக்குத் தெரியாது. என்னை யாரும் கேட்ட ஞாபகம் இல்லை. கேட்டிருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்று கட்டில் போட்ட அறையில் எனக்கு நடுக்கட்டில். ஜன்னலோரக் கட்டிலில் உக்கடத்துப் பழைய இரும்பு வியாபாரி ஜமால் பாய், சர்க்கரைப் புண் வந்த காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். மூன்றாவது கட்டில் காலி. வயிற்றில் பசையைத் தடவி ஒலி அலையால் உள்ளே பார்க்கும் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தவர், “ஒரே வாயுவா இருக்குதுங்க, எதுவுந் தெரியல” என்றார். ரத்தத்தில் வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதல். உடம்பு எங்கோ சண்டை போடுகிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் கொஞ்சம்தான்.

சாயங்காலம் இளம் மருத்துவர் வந்தார். களைத்த முகம், கையில் டேப் எனும் கைக்கணினி. கட்டிலின் ஒரு பக்கம் மச்சான். இன்னொரு பக்கம் கல்லூரியிலிருந்து நேராக வந்திருந்த நிவேதா, எனக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் என் வயிற்றைத் தொடுமுன் திரையைத் தொட்டார்.

“சார், முன்னாடி சைக்கியாட்ரி ட்ரீட்மென்ட் எடுத்திருக்கீங்களா? அட்மிட் ஆகி?”

சாத்துக்குடித் தோல் பாதியில் நின்றது.

மச்சான் சத்தமாகச் சிரித்தார். “எங்க மாப்ளைக்கா? ஏனுங் டாக்டரு, வேற யாரு பேப்பரையோ மாத்திப் பாக்கறீங்களாட்ட இருக்குது.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “அதெல்லாம் இல்லீங்க டாக்டர்” என்றேன்.

அந்த இடத்தில் வேறு எதையும் என்னால் சொல்லியிருக்க முடியாது. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். மருத்துவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ ஒரு கதவு மெதுவாக, மரியாதையாகச் சாத்திக்கொண்டது. திரையில் இருப்பது உண்மை. இந்த ஆள் அதை இல்லையென்கிறார். அப்படியென்றால் இந்த ஆள் நோவுதென்று சொல்வது?

மல்லிகா நடைவழியில் அவர் பின்னாலேயே போனாளாம். “அப்ப இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க. எங்கூட்டுக்காரரு சும்மா நோவுதுன்னு சொல்றவரு இல்லீங்க” என்றாளாம். அவர் ஆதரவாகத் தலையசைத்தாராம். அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் எழுதப்பட்டதைத்தான் அவர் பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்தவை: அல்சருக்கு ஒரு ஊசி, மனப் பதற்றத்துக்கு ஒரு மாத்திரை, மனநல மருத்துவர் வந்து பார்க்கட்டும் என்று ஒரு குறிப்பு. ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து, “பத்துக்கு எவ்வளவு மார்க் நோவு?” என்பார்கள். நான் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்று தோன்றும். செவிலிப் பெண்கள் என்னிடம் திடீரென்று குரலைத் தணித்துப் பேச ஆரம்பித்தார்கள். அந்த மென்மை என்னைப் பயமுறுத்தியது. நோவு வந்த மனிதனிடம் அப்படிப் பேசமாட்டார்கள். உடையக்கூடிய சாமானைத் தூக்கும்போதுதான் அப்படிக் குரல் இறங்கும்.

ஜமால் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

“சார், உங்களுக்கு மனசுல நோவுங்கறாங்க. எந்தப் பக்கம் நோவுதுங்க?”

“வலது பக்கங்க, பாய்.”

“அப்ப அது மனசில்லீங்க. மனசு எடது பக்கம். படிச்ச டாக்டருக்கு இது தெரியாதுங்களா?”

சிரித்தேன். சிரித்ததற்கு வயிறு பழி வாங்கியது.

அவர் கதையையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலை அவருடைய புண்ணுக்கு ஊசி போட வந்த செவிலிப் பெண், டேப்பில் ஏதோ அடித்ததும் நின்றுவிட்டாள். அந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சிவப்பில் வந்திருந்தது. எப்போதோ மேட்டுப்பாளையத்தில் ஒரு மருத்துவமனையில் அதே ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு அடைத்துக் கிடந்தவராம். பாய்க்கு மருந்தின் பெயர் ஞாபகமில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “ஒண்ணுமில்லீங்க, எல்லாம் ஒத்துக்கும்” என்றே சொல்லியிருக்கிறார்.

“அந்தப் பொட்டி மட்டும் இல்லீனா இந்நேரம் என்னை எடுத்திருப்பாங்க சார்” என்றார். பிறகு கூரையைப் பார்த்தபடியே, “ஒரே பொட்டிதானுங்க, இல்லீங்களா?” என்றார். அவருக்கு உயிர் கொடுத்ததை என்னால் எப்படித் திட்ட முடியும்?

அன்று முற்பகல் ஒரு விநோதம் நடந்தது. நோவு சட்டென்று நின்றுபோனது. உள்ளே ஒரு முடிச்சு அவிழ்ந்து, உடம்பு முழுக்கக் காற்று வந்த மாதிரி. மல்லிகாவிடம் காப்பி கேட்டேன். இளம் மருத்துவர் வந்து பார்த்து மகிழ்ந்தார். “பாத்தீங்களா சார், அந்த மாத்திரை கேட்டிருச்சு. சில சமயம் மனசு டென்சனா இருந்தா ஒடம்புல காட்டும்.” மச்சான் பெருமூச்சு விட்டார். நிவேதாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் நிம்மதி இருந்தது. நிம்மதிக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: அப்படியானால் டாக்டர் சொன்னது சரி. அப்பா சொன்னது பொய்.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு அறுவை மருத்துவர் விளக்கினார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல்போல ஒரு குடல்வால் தொங்குகிறது. அது அடைபட்டு வீங்கினால் அடிவயிற்றின் வலப்பக்கம் நோகும், அழுத்தினால் துடிப்பார்கள், எந்த மருத்துவருக்கும் தெரிந்துவிடும். எனக்கு அது பெருங்குடலுக்குப் பின்னால் மேல்நோக்கி மடங்கிக் கிடந்தது. முன்னால் தொட்டால் தெரியாது. சாதாரண ஸ்கேனில் வாயு மறைத்துவிடும். நோவு நின்ற நேரம்தான் அது வெடித்த நேரம். வீங்கி விறைத்திருந்தது உடைந்ததும் ஒரு சுகம் வருமாம். அந்தச் சுகத்தில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சீழ் வயிற்றுக்குள் பரவிக்கொண்டிருந்தது. உடம்பு மறைக்க வேண்டாததை மறைத்துவிட்டது. திரை காட்ட வேண்டாததைக் காட்டிவிட்டது.

மத்தியானம் மனநல மருத்துவர் வந்தார். நரை ஓடிய கொண்டை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அவரிடமும் டேப் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“இதுல இருக்கறதை அப்புறம் படிச்சுக்கறேன். நீங்க சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தேன். அச்சகம், நிமிர முடியாமல் போனது, முதுகுப் பக்கம் குடியேறியது. பேசும்போது பற்கள் லேசாக அடித்துக்கொண்டன. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலது காலை ஏன் மடக்கியே வச்சிருக்கீங்க?”

எனக்கே தெரியாது. “இப்புடி வெச்சாச் சௌகரியமா இருக்குதுங்க.”

“நீட்டுங்க பாப்போம்.”

நீட்ட முடியவில்லை. நீட்டப் பார்த்தபோது என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜமால் பாய் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அம்மையார் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். எழுந்து நடைவழிக்குப் போய், யாரிடமோ போனில், “இது என் கேஸ் இல்லை, உங்க கேஸ். உடனே சி.டி. எடுங்க” என்று சொன்னது உள்ளே வரை கேட்டது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட மிக அழகான வாக்கியம் அதுதான்: இது என் கேஸ் இல்லை.

சி.டி. என்பது ஒரு பெரிய வளையம். அதற்குள் படுக்க வைத்து உடம்பைக் குறுக்காக, வாழைத்தண்டு நறுக்குவதுபோல, வட்டம் வட்டமாகப் படம் எடுக்கிறார்கள். அதில் தெரிந்தது. உருட்டிக்கொண்டு போனார்கள். கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோக, மல்லிகாவின் விரல்கள் கட்டில் கம்பியிலிருந்து நழுவின. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது விலாவிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து பையில் முடிந்தது. மிச்சச் சீழ் வடிவதற்கு. அந்த நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தது, போனது. மல்லிகா கரண்டியால் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள். மச்சான் பொள்ளாச்சி இளநீரைக் காரின் டிக்கி நிறைய வாங்கி வந்து, எனக்குக் குடிக்க அனுமதி இல்லையென்றதும் வார்டு முழுக்கக் கொடுத்தார். இளம் மருத்துவர் தினமும் வந்து, தன் வேலையாக இல்லாவிட்டாலும் குழாயைக்கூடத் தானே சரி செய்தார். ஒருநாள் தலை நிமிராமலே சொன்னார்: “சார், ஸ்கிரீனைத் தொறந்தா எங்களுக்கு மொதல்ல வர்றதே அந்தச் செவப்பு வரிதான் சார்.” அவருக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். “பரவால்லீங்க” என்றேன். இது இன்னொரு எங்களூர்ச் சொல். பரவாயில்லை என்று அதற்குப் பொருளில்லை.

நடக்கப் பழகச் சொன்ன நாளில், பையைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். அதே பெண் இருந்தாள்.

“ஏம்மா, என்ற பழைய ரெக்கார்டையெல்லாம் பாக்கலாம்னு நான் சம்மதிக்கலையே?”

அவள் திரையைத் தட்டிப் பார்த்தாள். “யெஸ்னு இருக்கே சார்.”

“நான் யெஸ்னு சொல்லலீங்க அம்மணி.”

“ஆகட்டும்னு சொன்னீங்க சார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆகட்டும்னா யெஸ்தானே?”

வார்த்தைகளைத் திருத்திச் சம்பாதிக்கிற ஆள் நான். அவளிடம் சொல்ல ஒரு திருத்தமும் கிடைக்கவில்லை. இங்கே எத்தனை பேர் உங்களிடம் ஆகட்டுங்க என்கிறார்கள் என்று கேட்டேன். “எல்லாரும் அதத்தான சார் சொல்றாங்க. இந்த ஊர்ல யாருமே மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. ரொம்ப நல்ல ஜனங்க” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “வேணாம்னா இப்பவே கேன்சல் பண்ணிரலாம் சார். இனிமே யாரும் பாக்க முடியாது. ஆனா பாத்தவங்க பாத்ததுதான்.”

பண்ணச் சொன்னேன். அதற்குள் இன்னொன்று நடந்து முடிந்திருந்தது. வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சுருக்க அறிக்கை தயாராகி, மச்சானின் வாட்ஸ்அப்புக்குப் போயிருந்தது. அதில் முந்தைய நோய்கள் என்ற தலைப்பின் கீழே எல்லாம் இருந்தது. ஆர்.எஸ்.புரம். சேர்த்து வைத்த மாத்திரைகள். ஆங்கிலத்தில், ஒரே வரியில். மச்சான் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டிருக்கிறவர் இல்லை. குடும்பக் குழுவில் சொந்தக்காரப் பையன் ஒருவன் மருத்துவம் படிக்கிறான். அதனால் முழு அறிக்கையையும் குழுவில் போட்டு, ‘மாப்ளைக்கு ஆப்ரேசன் நல்லபடி முடிஞ்சுது. படிச்சவங்க பாத்து ரெண்டு வார்த்தை சொல்லவும்’ என்று எழுதிவிட்டார்.

முதலில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. பிறகு அவிநாசியிலிருந்து மல்லிகாவின் பெரியம்மா ஒருவர் அனுப்பிய குரல்பதிவு: “மாப்ள, மனசத் தளர உட்டுராதீங்க சாமி. நாங்க எல்லாரும் இருக்கறம்.”

நிவேதாவும் அந்தக் குழுவில் இருந்தாள்.

வீட்டுக்கு வந்தேன். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். வயிற்றை அறுத்துக்கொண்டு வந்தவனிடம் தையல் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. “தூக்கம் வருதுங்களா?” என்று கேட்டார்கள். அடுக்களையில் மல்லிகாவிடம் தணிந்த குரலில் பேசினார்கள். ஒருநாள் மச்சான் திருப்புளியோடு வந்து, என் அறையிலும் குளியலறையிலும் உள்தாழ்ப்பாளைக் கழற்றினார்.

“துருப் புடிச்சுப் போச்சு மாப்ள. வேற நல்லதாப் பாத்து மாட்டிப்போடலாம்.”

துரு இல்லை. அது எவர்சில்வர். அவரே மாட்டியது. கழற்றும்போது திருப்புளி அவர் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. அந்தப் பெரிய கை, மோட்டார் அச்சை ஒரே முறுக்கில் கழற்றுகிற கை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டம். கோபிக்க ஒரு ஆள் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிவேதா அதைப் பற்றிப் பேசவேயில்லை. கல்லூரிக்குப் போனாள், வந்தாள், என் கட்டுத்துணியை மாற்றினாள். ஒரு சாயங்காலம், மல்லிகா காய் வாங்கப் போயிருந்தபோது, கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மஞ்சக்காமாலைன்னு சொன்னீங்களேப்பா.”

“ஆமா கண்ணு.”

“அந்த மாசம் பூரா நானும் எண்ணெப் பலகாரம் திங்கல. உங்களுக்குத் தெரியுமா? பள்ளிக்கூடத்துல பஜ்ஜி குடுத்தாங்க, வேண்டாம்னு சொல்லிட்டேன். எங்கப்பாவுக்கு ஆகாதுன்னு.”

தெரியாது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

“உனக்கு அப்ப சின்ன வயசு, அதுனாலதான்...” என்று ஆரம்பித்தேன்.

“அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப எனக்குச் சின்ன வயசாப்பா?”

ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வந்த நோய், போய்விட்டது, குடல்வால் போல ஒன்று, அதைச் சொல்ல வெட்கப்பட்டேனே தவிர உன்னை ஏமாற்ற அல்ல என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டாள். நடுவில் ஒருதரம் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“நோவுதுன்னு நீங்க சொன்னா நான் நம்பறேன்பா. ஆஸ்பத்திரில நம்பாமப் போயிட்டேன். இனிமே நம்புவேன். ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் எப்புடி நம்பறதுன்னு தெரியல.”

சொல்லக்கூடியது ஒன்றுமில்லை என்று தோன்றியது. ‘ஒன்றுமில்லை’ என்ற அந்தச் சொல்லையும் இப்போது பயன்படுத்த முடியாது.

மாத்திரை வேளை. என் மாத்திரைகள் அலமாரியில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய கல்லூரிப் பையைத் திறந்து, உள் பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒன்றை மட்டும் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். விழுங்கினேன். அவள் எழுந்து போகவில்லை.

“வாயத் தொறங்கப்பா.”

புரியாமல் பார்த்தேன். அவள் உதடு கோணியது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. செல்போன் விளக்கைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“கோவிச்சுக்காதீங்கப்பா. தொறங்க.”

வாயைத் திறந்தேன். அவள் கேட்கும் முன்பே நாக்கைத் தூக்கி, அடியில் ஒன்றும் இல்லை என்று காட்டினேன்.